விசாரிக்க வந்த இருமல்

மாசானமுத்து செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரன் கம்புகளை அவிழ்த்துக்கொண்டு போன மறுநாள், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, மூணாம் லைனுக்குள் ஓர் இருமல் நடந்து வந்தது. ஆள் இல்லை, நிழல் இல்லை, செருப்புச் சத்தமும் இல்லை. நின்றால் ஓர் ஆளின் வாய் இருக்குமே, அந்த உயரத்தில் இருமல் மட்டும், இரண்டு குட்டை ஒரு நெட்டை, நெட்டை முடிகிற இடத்தில் மெல்லிய ஒரு விசில், திரும்ப இரண்டு குட்டை ஒரு நெட்டை என்று, அவசரமே இல்லாமல், வீடு தெரிந்து வருகிற விருந்தாளியாக வந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். சீட்டாடிக்கொண்டிருந்த நாலு கிழவர்கள் ஆட்டத்தை நிறுத்தி, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார்கள். அது மாசானமுத்துவின் ஒன்றாம் வீட்டைத் தாண்டி இரண்டாம் வீட்டு வாசலில் நின்று ஒரு தரம் இருமியது. அந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து, "வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

இதில் யாரும் வாயைப் பிளக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அந்த லைனைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். பஞ்சாலைக்குப் பின்புறம், ஆலைச் சுவரில் போய் முட்டி நிற்கிற ஒற்றைத் தெரு அது. ஒரு பக்கம் முப்பத்திரண்டு வீடுகள், எதிர்ப்பக்கம் தண்ணீர்த் தொட்டியும் வேப்பமரமும் சங்க ஆபீசும். ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களுக்கே அந்த வீடுகள் என்று ஆகிப்போனதால், பிள்ளைகளெல்லாம் திருப்பூர், சென்னை என்று பிழைக்கப் போய்விட்டதால், லைனில் இளவட்டம் என்று சொன்னால் அது அறுபத்திரண்டு வயதான டீக்கடை சுயம்புலிங்கம்தான். பஞ்சுத் தூசியை முப்பது வருசம் தின்ற நெஞ்சுகள். காலையில் சேவல் கூவும் முன் இருமல் கூவுகிற தெரு. ஆகவே செத்தவனின் இருமல் மட்டும் திரும்பி வந்தது அவர்களுக்குப் பெரிய அதிசயமாகப் படவில்லை. உசிரோடு இருந்தபோதும் அவர்களில் பாதிப் பேருக்கு அதுதானே மிச்சமாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. மூணாம் லைனில் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கலாம், காதுகுத்துக்குப் போகாமல் இருக்கலாம். ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்து விசாரிக்கப் போகாமல் மட்டும் இருக்கக் கூடாது. போகாதவர்கள் வீட்டுக் கேதத்துக்கு நாலு பேர் வந்து பாடை தூக்க மாட்டார்கள் என்பது அங்கே எழுதாத சட்டம். நாலு சாத்துக்குடி, ஒரு ரொட்டி, வசதி இருந்தால் ஹார்லிக்ஸ், இவற்றோடு போய், நோயாளியின் கட்டிலை ஒட்டி உட்கார்ந்து, கையைப் பிடித்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து "என்ன செய்யுது" என்று கேட்க வேண்டும். தள்ளி நின்று கேட்டால் அது விசாரிப்பு அல்ல, வேடிக்கை. வந்தவரை உட்கார வைத்துக் குடிக்கக் கொடுக்காத வீடும் வீடு அல்ல. இந்த மரியாதைதான் அவர்களுக்கு எமனாக வந்து வாய்த்தது.

அந்த வியாழக்கிழமை கடைசி வீடான முப்பத்திரண்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொர்ணத்தாய் மட்டும், அத்தனை தூரத்திலிருந்தும் அந்த விசிலைக் கேட்ட மாத்திரத்தில், முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினாள். லைன் முழுக்க அதை மாசானமுத்துவின் இருமல் என்று சொன்னது. அவளுக்குத் தெரியும், அது மாசானமுத்துவுடையது இல்லை. அது அவளுடையது.

நடந்தது இதுதான். ஒரு மாதத்துக்கு முன், ஒரு புதன்கிழமை, சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபக்கனி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வயசானவர்களுக்கு வருகிற சளிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி என்று கூப்பிட்டபோது, லைனில் ஒருவரும் அசையவில்லை. பொன்னுக்கிளி மட்டும், வேண்டாம் வேண்டாம் என்ற தன் புருசன் மாசானமுத்துவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் உட்கார வைத்தாள். முதல் ஆளாக அவருக்குப் போட்டது. மறுநாள் அவருக்குப் புஜம் வலித்து லேசாக உடம்பு சுட்டது. ஊசி என்றால் சீக்குக்காரனுக்குத்தான் போடுவது என்று அறிந்திருந்த லைன், ஊசி போட்டவனைச் சீக்குக்காரனாகவே எடுத்துக்கொண்டு, சாத்துக்குடியும் ரொட்டியுமாகக் கிளம்பிவிட்டது. நன்றாக இருந்த மனுசனைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்து உச்சுக்கொட்டினார்கள்.

சொர்ணத்தாய் அன்று போயிருக்கக் கூடாது. திருப்பூரில் மகள் வீட்டிலிருந்து வரும்போதே அவளுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டு அமுக்கி வைத்திருந்தாள். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் குழாயடியில் அவளுக்கும் பொன்னுக்கிளிக்கும் வாய்ச்சண்டை. போகாவிட்டால் இன்னும் அதை மனசில் வைத்திருக்கிறாள் என்று ஆகிவிடும். நாக்குக்கு அடியில் ஒரு மிளகைப் போட்டு அடக்கிக்கொண்டு போனாள். ஊசி போட்ட இடத்தைக் காட்ட மாசானமுத்து அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னபோது, அரைமணி நேரமாக நெஞ்சில் கட்டி வைத்திருந்தது பிய்த்துக்கொண்டு, இரண்டு குட்டை ஒரு நெட்டை, ஒரே ஒரு தரம், அவர் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. முந்தானையை எடுக்கக்கூட நேரமில்லை. இருபது பேர் பேச்சில் யாரும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது; அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் ஆள் இல்லை. ஊசிதான் கொன்றது என்று லைன் சொன்னது. நீதானே கூட்டிட்டுப் போனே என்று பொன்னுக்கிளியை, வாயால் சொல்லாமல் பார்வையால் சொன்னது.

அன்றிலிருந்து சொர்ணத்தாய்க்கு இருமல் வரவில்லை. காய்ச்சல் போனது, சளி போனது, முப்பது வருசமாகக் காலையில் எழுந்ததும் வருகிற இருமலும் கூடவே போய்விட்டது. மிளகாய் வறுத்தாலும் வரவில்லை; ஒருநாள் சோற்றுப்பருக்கை புரையேறி, கண் பிதுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் வாய் திறந்து மூடியதே தவிரச் சத்தம் இல்லை. எங்கே போயிற்று என்று நினைத்து நினைத்துப் பயந்துகொண்டிருந்தவளுக்கு அந்த வியாழக்கிழமை பதில் தெருவில் நடந்து வந்தது.

அது நாளுக்கு ஒரு வீடு என்று கணக்காக வந்தது. நாலு மணிக்கு வரும், நேற்று விட்ட வீட்டுக்கு அடுத்த வீட்டில் நிற்கும், உள்ளே போய் ஒரு நாழிகை இருக்கும், போய்விடும். லைன் அதைத் தன் வழக்கப்படி தன்னோடு சேர்த்துக்கொண்டது. இன்றைக்கு யார் வீடு என்று தெரிந்ததால் அந்த வீட்டில் காலையிலேயே மெழுகித் துடைத்தார்கள். நாற்காலி போட்டு, சுக்குக்காபி வைத்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து விசாரித்தார்கள். டம்ளரில் காபி விரற்கடை குறைந்ததை எல்லாரும் பார்த்தார்கள். தினமும் நாலுக்குப் பத்து நிமிசம் முன்னால் பொன்னுக்கிளி தன் வாசலிலும் ஒரு டம்ளர் வைத்துவிட்டு, தலையில் முக்காட்டோடு நிற்பாள், தன்னைத் தாண்டிப் போகிற இருமல் ஒரு தரமாவது திரும்பிப் பார்க்காதா என்று. சுயம்புலிங்கம் டீக்கடை பெஞ்சில் மாசானமுத்து உட்காரும் ஓரத்தைக் காலியாக விட்டான். சங்கத்துக்காரர்கள் கூடிப் பேசி, நாலு மணிக்கு லைனுக்குள் சைக்கிள் மணி அடிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பேயோட்ட ஒரு கோடாங்கி வந்தான். உடுக்கை மூன்று தட்டு தட்டியதும் உடுக்கையே இருமியது. கொண்டுவந்த சேவலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அது வந்துபோன வீட்டில் மூன்றாம் நாள் யாராவது படுத்தார்கள். சிலர் எழுந்தார்கள், சிலர் எழுந்தும் எழாமலும் கிடந்தார்கள். படுத்தவர்களை விசாரிக்க மற்றவர்கள் போனார்கள். பயம் எல்லாருக்கும் இருந்தது. ஆனால் வீடு தேடி வந்தவரிடம் கதவைச் சாத்த யாருக்கும் மனசு துணியவில்லை. அவர்களுக்கு அதன் காரணமும் தெரிந்திருந்தது, அதாவது தெரிந்ததாக நினைத்தார்கள்: ஊசி மருந்து நெஞ்சில் கட்டிக்கொண்டு போக முடியாமல் தவிக்கிறான் மாசானமுத்து, என் கதி உங்களுக்கு வேண்டாம், ஊசி போடாதீங்க என்று வீடு வீடாகச் சொல்ல வருகிறான்.

சொர்ணத்தாய் விரல் விட்டு எண்ணினாள். முப்பத்தோராம் நாள் சனிக்கிழமை அது முப்பத்திரண்டாம் வீட்டுக்கு வரும். அங்கே கட்டிலில் அவள் புருசன் அணைஞ்சபெருமாள் இருக்கிறார், எழுபத்திரண்டு வயது, புளோ ரூமில் பஞ்சு பிரித்த மனுசன், மூச்சு விட்டாலே நெஞ்சுக்குள் கீச்கீச்சென்று கோழிக்குஞ்சுகள் கத்தும், வாயில் அடிக்கிற மருந்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர். சாதாரணப் பனிக்கே எமன் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற உடம்பு. இது வந்தால் தாங்காது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஏழாம் நாள் புதன்கிழமை ஜெபக்கனி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்து, எதற்கும் கோபப்பட நேரமில்லாத முகம். அவள் மரத்தடியில் பெட்டியோடு உட்கார்ந்திருக்க, அவளைச் சுற்றிக் காக்கா மட்டும் நின்றது. சொர்ணத்தாய் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் போய், இப்போது போட்டால் எத்தனை நாளில் பிடிக்கும் என்று கேட்டாள்.

"பதினாலு நாள் ஆகும்மா, உடம்புல காவல் கட்ட" என்றாள் ஜெபக்கனி. "மாசானமுத்து ஐயாவுக்கு நாலாம் நாளே காய்ச்சல் வந்திட்டு. ஊசி வேலை செய்யறதுக்குள்ள வேற யார்கிட்ட இருந்தோ வாங்கிட்டாரு. நானும் சொல்லிச் சொல்லிப் பாக்கேன்."

யார்கிட்ட இருந்தோ என்ற வார்த்தை குடத்துத் தண்ணீருக்குள் விழுந்து அவளோடு வீட்டுக்கு வந்தது. அன்று அவள் புருசனிடம் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தாள். ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி மகள் போனில் சொன்னதாகச் சொன்னாள். அணைஞ்சபெருமாளிடம் பதிலுக்குப் பஞ்சமில்லை: முப்பது வருசமாக நெஞ்சைப் பார்க்கிற டவுன் டாக்டர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையே, வேண்டியதாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா, போகிற வயசில் எதற்கு ஊசி, போட்டால் லைனே சாத்துக்குடியோடு வந்து உட்காரும், அதைப் பார்த்தே எனக்குச் சீக்கு வந்துவிடும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, மாசானமுத்து போன வழியில் நானும் போகணுமா என்று கேட்டார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பொன்னுக்கிளி என்ன செய்வாள், லைன் என்ன செய்யும், செத்தால் தன்னைத் தூக்க யார் வருவார்கள் என்று நினைத்தாள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் இருமல் எட்டாம் வீட்டுக்குள் போனது.

பன்னிரண்டாம் நாள் லூர்தம்மாள் ஆள் அனுப்பினாள். ஆறாம் வீட்டுக்காரி, ஆலையில் நூல் நூற்கிற ரிங் பிரேமில் சொர்ணத்தாய்க்குப் பக்கத்து மிசின், இருபத்தாறு வருசம் ஒருத்தி சோற்றை ஒருத்தி தின்றவர்கள். இருமல் வந்துபோன மூன்றாம் நாள் படுத்தவள் எழவே இல்லை. சொர்ணத்தாய் போனபோது வீட்டில் இருந்தவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, மூச்சை எட்டிப் பிடித்துப் பிடித்துப் பேசினாள்.

"ஏட்டி சொர்ணம், அது உன் இருமல்லா?"

சொர்ணத்தாய் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாதா? மிசினு இரைச்சல்ல வேற எதுவும் கேக்காது, உன் விசிலு மட்டும் கேக்கும். பக்கத்துல வந்து உக்காந்த பொறவுதான் பிடிபட்டுச்சு. அதுக்குள்ள நான் சுக்குத்தண்ணி குடுத்து உக்கார வச்சிட்டேன்" என்றாள் லூர்தம்மாள். "நீ முன்னாலயே சொல்லியிருந்தா கதவைச் சாத்தியிருப்பேன்லா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

மறுநாள் செவ்வாய்க்கிழமை லூர்தம்மாள் செத்துப்போனாள். கல்லறைக்கு எடுத்துப் போகும்போது சொர்ணத்தாய்க்கு அழுகை வந்தது, இருமல் வரவில்லை. ஒரு வாரம் முன்னால் கதவைச் சாத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ற நினைப்பு அவளை நிற்கவிடவில்லை, உட்காரவிடவில்லை. தான் கொன்றதில் லூர்தம்மாள் இரண்டாவது; மாசானமுத்துவைத் தெரியாமல், இவளைத் தெரிந்து. இப்படித்தான் அவள் நினைத்தாள், அதைத் தன்னிடமிருந்து மறைத்துக்கொள்ளவும் இல்லை.

பதினாலாம் நாள் புதன்கிழமை. இன்றைக்குப் போட்டால் முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. அடுத்த புதன் என்றால் பத்துதான். காலையில் கஞ்சி வைத்த கையோடு அவள் புருசன் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், மிளகை நாக்குக்கடியில் வைத்தது முதல்.

அணைஞ்சபெருமாள் கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு, பாவம் என்பதைப் போல அவளைப் பார்த்தார். "என்னைக் காப்பாத்தணும்னு பழியைத் தூக்கித் தலையில வைக்காத. மாசானமுத்து இருமலை எனக்குத் தெரியாதா? நாப்பது வருசம் கேட்டிருக்கேன்."

"என் இருமல் எப்படி இருக்கும், சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். யோசித்தார். நாற்பத்தைந்து வருசம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த மனுசனுக்கு அது தெரியவில்லை. பெண்கள் முந்தானைக்குள் இருமுவார்கள். அதை யார் காது கொடுத்துக் கேட்டார்கள். அவர் முகம் சிறுத்துப்போனது, ஆனாலும் நம்பவில்லை. அவர் நம்பாவிட்டால் லைனில் வேறு யார் நம்புவார்கள்.

அவள் நேரே வேப்பமரத்தடிக்குப் போய், ஒரு மணிக்குப் பெட்டியைக் கட்டுகிற ஜெபக்கனியிடம், இன்றைக்கு மட்டும் நாலு மணி வரை இருங்கள் என்று கேட்டாள். எதற்கு என்று ஜெபக்கனி கேட்டாள். அவளிடமும் சொர்ணத்தாய் மறைக்காமல் சொன்னாள். ஜெபக்கனி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஐஸ் அஞ்சு மணி வரை தாங்கும் என்றாள்.

நாலு மணிக்கு லைன் வழக்கம்போல வாசல்களில் நின்றது. பதினைந்தாம் வீட்டில் மெழுகித் துடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். பொன்னுக்கிளி தன் வாசலில் டம்ளரை வைத்தாள். தெருக்கோடியில் இரண்டு குட்டை ஒரு நெட்டை கேட்டது. சொர்ணத்தாய் நடுத்தெருவில் இறங்கி, பதினைந்தாம் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அது நெருங்க நெருங்க, பஞ்சுத் தூசியின் வாடையும் தன் வாயின் மிளகு வாடையும் சேர்ந்து வருவது அவளுக்குத் தெரிந்தது. ஒதுங்கு ஒதுங்கு என்று யாரோ அதட்டினார்கள். அண்ணாச்சியை மறிக்காதே என்றார்கள்.

"இது அண்ணாச்சி இல்ல" என்றாள் சொர்ணத்தாய். "இது என் இருமல். நான் காய்ச்சலோட விசாரிக்கப் போயி, அவுக மூஞ்சிக்கு நேரே இருமினேன். ஊசியால அவுக சாகல. என்னாலதான் செத்தாவ."

ஒருவரும் நம்பவில்லை என்பதை அவள் முகங்களில் பார்த்தாள். அப்போது அது அவள் முகத்துக்கு எதிரே வந்து நின்றுவிட்டிருந்தது, இருமாமல், அடையாளம் தெரிந்துகொண்டதைப் போல. அவளுக்கு ஓடிவிடத் தோன்றியது. ஓடினால் இது தன் பின்னாலேயே முப்பத்திரண்டாம் வீட்டுக்கு வரும் என்றும் தோன்றியது. இடுப்பில் செருகியிருந்த முந்தானையைத் தொடாமல், இரண்டு கையையும் கீழே விட்டு, வாயைத் திறந்தாள்.

தொண்டைக்குள் குளிர்ந்த கம்பியாக இறங்கியது அது. நெஞ்சில் போய் உட்கார்ந்தது. பிறகு சொர்ணத்தாய், யாரும் இல்லாத ஆலைச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இருமினாள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை, முடிவில் விசில். லைன் முழுக்கக் கேட்டது. கடைசி வீட்டு வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அணைஞ்சபெருமாளும் கேட்டார்.

எல்லாரும் பொன்னுக்கிளியைப் பார்த்தார்கள். அவள் தன் வாசலில் வைத்த டம்ளரைக் குனிந்து எடுத்தாள். அதைக் கையில் ஏந்திக்கொண்டே பதினாலு வீடுகளையும் தாண்டி நடந்து வந்தாள். சொர்ணத்தாய் அசையாமல் நின்றாள். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம், காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள். நாலடி தள்ளியே பொன்னுக்கிளி நின்றுவிட்டாள்.

"பதினாலு நாளா உன் இருமலுக்கா நான் காப்பி வச்சேன்" என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. "அவரைக் கூட்டிட்டுப் போயிக் கொன்னுட்டேன்னு நெனச்சு ஒரு வாய் சோறு எனக்கு இறங்கல. நீ பாத்துக்கிட்டே இருந்திருக்க."

டம்ளரைச் சாக்கடையில் கவிழ்த்தாள். திரும்பி, வேப்பமரத்தடிக்குப் போய், ஜெபக்கனிக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். "போடு" என்றாள். "அவரு கையில போட்டதே எனக்கும் போடு. அவரு தப்பா ஒண்ணுஞ் செய்யல."

ஊசி ஏறும்போதுதான் அவள் அழுதாள். முதல் ஆளாக உட்காருவதுதான் அந்த லைனில் கஷ்டம். ஊசிக்குப் பயந்தவர்கள் கொஞ்சம், ஊருக்குப் பயந்தவர்கள் அதிகம். பொன்னுக்கிளி எழுந்ததும் சீட்டாட்டக்காரர் ஒருவர் உட்கார்ந்தார், பிறகு அவர் மனைவி. சுயம்புலிங்கம் மட்டும், இருமல் அவளுடையதாகவே இருக்கட்டும், ஊசி நல்லது என்று அதனால் ஆகிவிடுமா என்று நியாயம் பேசிக்கொண்டு போய்விட்டான். அவன் பின்னால் ஏழெட்டுப் பேர் போனார்கள். பெட்டியில் இருந்தது தீரும் முன், கடைசிக்கு முந்தின ஆளாக அணைஞ்சபெருமாள் வந்து உட்கார்ந்தார். சொர்ணத்தாயைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் வராதீங்க என்று அவள் கையைக் காட்டினாள்.

அன்றே அவரைச் சங்க ஆபீசுக்குக் கட்டிலோடு மாற்றினார்கள். சொர்ணத்தாய் முப்பத்திரண்டாம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தனக்கும் ஊசி போடலாமா என்று அவள் கேட்டதற்கு ஜெபக்கனி, வரப்போகிற காய்ச்சல் வந்து இறங்கட்டும், பிறகு போடுகிறேன் என்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல். உத்தரமும் சுவரும் சுற்றின. நாலு மணி ஆனால் நெஞ்சுக்குள் இருப்பது எழுந்து நின்று வாசல் எங்கே என்று தேடும். அவள் அடுக்களை மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நாலாக மடித்த துணியை வாயில் வைத்து அதை அங்கேயே இருமித் தீர்ப்பாள். வெளியே விட்டால் தெருவில் நடந்துவிடும் என்ற பயம் காய்ச்சலைவிடப் பெரிதாக இருந்தது. சோறு வாசலில் வரும். அணைஞ்சபெருமாள் எதிர்ப்பக்கம் நின்று, வச்சிருக்கேன் சொர்ணம் என்று கூப்பிட்டுவிட்டுப் போவார். வேறு யாரும் வரவில்லை. சாத்துக்குடி இல்லை, ரொட்டி இல்லை, என்ன செய்யுது என்று கேட்க ஒரு முகம் இல்லை. தள்ளி இருப்பதுதான் சரி என்று அவளுக்குத் தெரியும். பயத்தில் தள்ளி இருக்கிறார்களா, வெறுப்பில் தள்ளி இருக்கிறார்களா என்பதுதான் தெரியவில்லை. படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தனக்குப் பாடை தூக்க நாலு பேர் தேறுவார்களா என்று ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்து, ஒன்றாம் வீட்டில் வந்து எண்ணம் முறிந்துபோகும்.

கதவைச் சாத்திப் பதினாலாம் நாள், மறுபடியும் ஒரு புதன்கிழமை, நாலு மணிக்குக் கதவுக்கு வெளியே ஒரு டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. சுக்கு வாடை கதவு இடுக்கு வழியாக வந்தது. புருசனாக இருக்கும் என்று நினைத்தாள். புருசனுக்குச் சுக்குக்காபி போடத் தெரியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"ஏ சொர்ணம்" என்றது பொன்னுக்கிளியின் குரல். "உசிரோட இருக்கியா?"

அவளுக்கு எழுந்து உட்காரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "இருக்கேன் மைனி."

வெளியே டம்ளரைக் கதவை ஒட்டி நகர்த்துகிற சத்தம் மட்டும் வந்தது. போய்விட்டாள் என்றே சொர்ணத்தாய் நினைத்தாள்.

"மன்னிக்கதுக்கு வரல" என்றது குரல். "விசாரிக்கத்தான் வந்தேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது நெஞ்சுக்குள் இருந்தது எழுந்தது. சொர்ணத்தாய் துணியை அள்ளி வாயில் வைத்துக்கொண்டு, தவழ்ந்து மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து இருமினாள், இரண்டு குட்டை ஒரு நெட்டை, விசில் இப்போது தேய்ந்து நூலாக இருந்தது. கதவுக்கு வெளியே செருப்பு ஓரடி, ஈரடி, மூன்றடி பின்னால் நகர்வது கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு அவள் காத்திருந்தாள். நாலாவது அடி கேட்கவில்லை. பொன்னுக்கிளி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.